கருங்கல், உடையாதது

ஒலுமடுவுக்குத் திரும்பும் றோட்டில் எங்கள் கல்லாலை.
வெடி வைத்துப் பிளந்த பாறை ஒவ்வொன்றிலும்
துளைக்கம்பி இறங்கிய பாதிக் குழாய் மிஞ்சும்,
சாண் நீளத்துக்கு, நேராக.
கல்லில் வேறெங்கும் நேர்கோடு கிடையாது.
பிலோமினா அங்கேதான் தொடங்குவாள்.

ஒரு கல்லில் அது தொண்டை.
இன்னொன்றில் மூக்குத்தண்டு, நெற்றியையும் தாண்டி ஓடும்.
போன மாரியில் செதுக்கிய ஒன்றில்
இரண்டு கண்ணும் ஒரே பக்கம் ஒதுங்கி நிற்க
மற்றப் பக்கம் முழுக்க வாய்.
"என்ன பிள்ளை, இப்பிடிக் கோணலாய்?"
"கல்லு அப்பிடித்தானே ஓடுது" என்றாள்,
காக்காப்பொன் மினுங்கும் கையைச் சேட்டில் துடைத்தபடி.

பகலில் அவளுக்கு நாள்கூலி.
இரும்புத் தாடைக்குள் கல் தள்ளுகிற வேலை.
ஐந்து மணிக்கு மெசின் நிற்கும்,
காது கொஞ்சம் ஆறும்,
அதன்பிறகு பாலை மரத்தடியில்
ஒற்றைச் சுத்தியல்.

நான் நிறுவைக்காரன்.
முக்கால் கல் இரண்டு கியூப், தூசு மூன்று,
என் கொப்பிக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.
மரத்தடியில் கிடப்பது என்னவென்று முதலாளி கேட்டபோது
கழிவு என்று சொல்லிவைத்தேன்.

கடைக்கார யோகலிங்கம் வந்து
ஒன்றின் முன்னால் நின்று கத்தினார்:
"என்ர வாயை ஏனடி இப்பிடி வெட்டினனீ?"
"உங்களை நான் நினைக்கவேயில்லை, ஐயா."
அதுதான் அவருக்குக் கூடச் சுட்டது.
இரண்டு கிழமை எங்களுக்குக் கடன் இல்லை.

கனகராயன்குளத்திலிருந்து ஒருத்தி வந்தாள்.
ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தாள்.
கடைசியில் தண்ணீர் கேட்டாள்.
கொடுத்தோம்.

கொழும்பில் கண்காட்சி என்று லொறி வந்தது,
கூடவே பட்டியல் பிடித்த ஒரு பெடியன்.
தலைப்பு? இல்லை.
ஆண்டு? "மழைக்கு முந்தி."
நிறை? இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

எங்கள் நிறுவைத் தட்டு டிப்பருக்கென்று செய்தது.
நூறு கிலோவுக்குக் கீழே அதற்குக் கண் தெரியாது.
ஒரு தலை வைத்தோம், பூச்சியம்.
இரண்டு வைத்தோம், பூச்சியம்.
மூன்றாவதுக்கு இலக்கம் ஒருக்கால் சிமிட்டி அணைந்தது.
பிறகு நாற்பத்தொன்றையும் ஏற்றி லொறியோடு நிறுத்தோம்.
லொறியைக் கழித்து ஆயிரத்து எழுநூற்று அறுபது.

கொண்டுபோகப் பெமிற் வேண்டும்.
படிவத்தில் நாலு பெட்டி:
கருங்கல், சல்லி, மணல், கிறவல்.
முதலாவதில் புள்ளடி போட்டேன்.
'விபரம்' என்ற கோட்டில் பேனை நின்றது.
தலை என்று எழுதினால் வழியில் மறிப்பான்.
எத்தனை, யாருடையது, எங்கே எடுத்தது?
அந்தக் கேள்விகளுக்கு நிரப்பிக் கொடுத்த படிவங்கள்
இந்தப் பக்கத்தில் ஏற்கனவே நிறைய.
'கருங்கல், உடையாதது' என்று எழுதிச்
சீல் குத்தினேன்.
எங்கள் ஆலைப் பெமிற்றில் அந்தச் சொல்
அதற்குமுன் வந்ததில்லை.

ஒன்றை அவள் ஏற்றவில்லை.
என் மேசைக்குக் கீழே வைத்துவிட்டுப் போயிருந்தாள்.
வலப்பக்கம் ஒழுங்கான காது.
இடப்பக்கம் காது இருக்கவேண்டிய இடத்தில்
துளைக்கம்பிக் குழாய்
உள்ளே போய், எங்கும் சேராமல் நிற்கிறது.
தொண்ணூற்றெட்டிலிருந்து எனக்கு இடது காது கேளாது.
யாருக்கும் சொன்னதில்லை.
ட்றைவர்மாருக்கு எப்போதும் வலப்பக்கத்தைக் காட்டித்தான்
கதைப்பேன்.

வாசல் தடிக்கு அடிப்பாரம் போதாமல் இருந்ததாம்.
முதலாளியின் மருமகன் கம்பி சுற்றி
அதைத் தூக்கிக் கட்டிவிட்டான்.
தடி மேலே போகத் தலை கீழே இறங்கும்,
நாளைக்கு நாற்பது ஐம்பது தரம்.
பிலோமினா கண்டாள். சிரிப்பை அடக்கவேயில்லை.
"கழட்டவா?"
"விடுங்கோ அண்ணை.
கம்பியை மட்டும் கொஞ்சம் விலத்துங்கோ,
மூக்கை அறுக்குது."

விலத்திவிட்டு வந்து இருந்தேன்.
அடுத்த டிப்பர் ஹோண் அடித்திருக்கும்.
தலை இறங்கியதைத்தான் நான் கண்டேன்.